ஒரே இறால் குஞ்சு, ஒரே தீவனம், மூன்று குட்டை: இரண்டு போச்சு, ஒன்று மட்டும் எப்படி நிற்கிறது?

வாகாடு_குட்டைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது சூலூர்பேட்டை, குட்டைகள் வாகாடு பக்கம், குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் விடுகிறேன். இது நான்காவது பயிர். மூன்று குட்டை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஏக்கர், ஏக்கருக்கு 1.6 லட்சம் குஞ்சு, எல்லாம் ஒரே ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்), ஒரே நாள், ஒரே வண்டி. எஸ்.பி.எஃப். தாய் இறாலின் குஞ்சு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், பி.சி.ஆர். வைரஸ் சோதனையின் நெகட்டிவ் சீட்டும் கையில் இருக்கிறது.

48-ஆம் நாள் காலையில் முதல் குட்டையில் செக் ட்ரேயைத் தூக்கினால் தீவனம் போட்டது போட்டபடி இருந்தது. மத்தியானத்துக்குள் இறால்கள் கரையோரம் மேலே மேலே வந்து சுற்ற ஆரம்பித்தன. உடம்பு லேசாகச் சிவந்திருந்தது, பத்தில் ஒன்றிரண்டில்தான் ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நெல்லூரில் கொடுத்துப் பார்த்தேன், வெள்ளைப்புள்ளி வைரஸ்தான். மூன்று நாளில் குட்டை காலி. 56-ஆம் நாள் இரண்டாவது குட்டையில் அதே கதை. இன்றைக்கு 62-ஆம் நாள். மூன்றாவது குட்டை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் தின்கிறது, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) 95-க்கு வந்துவிட்டது.

இப்போது என் சந்தேகங்கள். ஒன்று, எஸ்.பி.எஃப். என்று விற்ற குஞ்சுக்கு எப்படி இந்த நோய் வரும்? என்னை ஏமாற்றிவிட்டார்களா? அடுத்தது, கடைக்காரர் பேச்சைக் கேட்டு முதல் நாளிலிருந்து தீவனத்தில் இம்யூனிட்டி பூஸ்டர் கலந்தேன், மூன்று குட்டைக்கும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அது வேலை செய்ததா இல்லையா? வேலை செய்யவில்லை என்றால் மூன்றாவது எப்படி நிற்கிறது? செய்தது என்றால் மற்ற இரண்டும் ஏன் போயின? என் மச்சான் ஒரு படி மேலே போய், "இதற்கு இம்யூனிட்டி வந்துவிட்டது, இதில் நல்லதாக நூறு பொறுக்கித் தாயாக வளர்ப்போம், அடுத்த பயிருக்கு நோயே வராது" என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோழிக்கு, மாட்டுக்கு எல்லாம் தடுப்பூசி இருக்கிறதே, இறாலுக்கு மட்டும் ஏன் இல்லை? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

உப்புக்காத்து

அண்ணே, மச்சான் பேச்சைக் கேட்டு என் வீட்டிலும் ஒரு குட்டை போயிருக்கிறது. மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிசிஆர்_ராத்திரி_ஷிஃப்ட்

நெல்லூர் பக்கம் இறால் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை செய்கிறேன், அதனால் முதல் கேள்விக்கு மட்டும்.

எஸ்.பி.எஃப். என்பதை முக்கால்வாசிப் பேர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லாத இறால், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நோயை எதிர்க்கும் இறால் என்று அர்த்தமே இல்லை. எதிர்க்கும் ரகத்துக்கு எஸ்.பி.ஆர். என்று வேறு பெயர். வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால் சென்னை நீலாங்கரையில் இருக்கும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதனை முடிந்துதான் ஹேச்சரிக்குப் போகிறது. அந்த வாசலைத் தாண்டும்போது அது சுத்தம். அப்புறம் ஹேச்சரியில் அதற்குத் தீனியாக உயிருள்ள கடல் புழுவைப் போடுகிறார்கள், அந்தப் புழு வழியாகவே வைரஸும் வரலாம், ஈ.எச்.பி. என்ற ஒட்டுண்ணியும் வரலாம். தாய் சுத்தமாக இருந்தது என்பது உங்கள் குட்டைக்கு வந்த குஞ்சு சுத்தம் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. சுத்தமான குஞ்சே வந்திருந்தாலும் அது வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி, உங்கள் கால்வாய்க் கிருமியை அது பார்த்ததே கிடையாது.

இரண்டாவது, அந்த நெகட்டிவ் சீட்டு. எத்தனை குஞ்சு எடுத்துச் சோதித்தார்கள் என்று அதில் பாருங்கள். நூற்றுக்கு 5 குஞ்சில் வைரஸ் இருந்தால் அதை 95 சதவீத நம்பிக்கையோடு கண்டுபிடிக்க 60 குஞ்சு வேண்டும். நூற்றுக்கு 2-தான் இருக்கிறது என்றால் 150 வேண்டும். எங்களிடம் ஒரு பாலித்தீன் பையில் இருபது குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் சீட்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். நெகட்டிவ் என்றால் "இந்த இருபதில் கிடைக்கவில்லை" என்று மட்டுமே படிக்க வேண்டும்.

நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று குட்டைக்கும் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் செய்ய ரிசர்வாயர் இருக்கிறதா? 40-ஆம் நாளுக்கு மேல் எந்தக் குட்டைக்கு எப்போது தண்ணீர் வைத்தீர்கள் என்று நோட்டு இருந்தால் அதைப் போடுங்கள். மூன்றாவது குட்டையிலிருந்து இன்றைக்கே சாம்பிள் கொடுங்கள். கொல்லக்கூட வேண்டாம், நீச்சல் கால் ஒன்றை நறுக்கிக் கொடுத்தால் போதும்.

ஹீமோசைட்

இறால் நோய் எதிர்ப்பில் ஆராய்ச்சி மாணவன், சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி, சித்தப்பாவுக்குக் குட்டை இருக்கிறது. நீளமாக வரும், பொறுமையாகப் படியுங்கள்.

நமக்கு அம்மை ஒரு முறை வந்தால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அந்த ஞாபகத்துக்கு ஆன்டிபாடி வேண்டும், அதைச் செய்யும் செல்கள் வேண்டும். இறாலுக்கு இவை இரண்டும் கிடையாது. கோழித் தடுப்பூசியை அப்படியே இறாலுக்குக் கொண்டுவர முடியாததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். அதற்காக இறால் வெறும் கையோடு நிற்கிறது என்று நினைக்காதீர்கள். அதன் இரத்தத்தில் மூன்று வகைச் செல்கள் சுற்றுகின்றன, பொதுவாக ஹீமோசைட் என்போம் (என் பெயர்க் காரணம் தெரிந்திருக்கும்). வந்த கிருமியை விழுங்குவது, பெரிதாக இருந்தால் சுற்றி வளைத்து மூடுவது, கிருமியைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதங்களைக் கொட்டுவது எல்லாம் இவற்றின் வேலை. பீனெய்டின், க்ரஸ்டின் என்று அந்தப் புரதங்களுக்குப் பெயர்கள். காயம் பட்டால் இரத்தம் உடனே உறைவதும் இதில் சேர்த்தி.

நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வலையில் உரசி ஓட்டில் கீறல் விழுந்த இறாலை இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், கீறல் இருந்த இடம் கறுத்திருக்கும். அது அழுக்கு இல்லை. இறாலின் இரத்தத்தில் புரோஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி தூங்கிக்கொண்டிருக்கும், கிருமியின் தோலில் இருக்கும் பொருள் பட்டதும் விழித்துக்கொண்டு மெலனினை உண்டாக்கி, அந்த இடத்தையே கருப்பாக அடைத்துச் சீல் வைத்துவிடும். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கென்னத் சோடர்ஹால் என்பவர் நன்னீர்ச் சிங்கி இறாலை வைத்து இந்தத் தொடரை ஆண்டுக்கணக்கில் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறார், இந்தத் துறைக்கு வருகிற யாரும் அவர் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது.

உங்கள் பூஸ்டர் இங்கேதான் வருகிறது. பையின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஈஸ்ட்டின் செல் சுவரிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான் என்று இருக்கும். இறால் அதைப் பார்த்துக் கிருமிதான் வந்துவிட்டது என்று நினைத்து மேலே சொன்ன தொடரை முடுக்கும். ஆகவே அது மொத்தமும் பொய் என்று சொல்ல மாட்டேன், தொட்டியில் வைத்துச் செய்த பல சோதனைகளில் விப்ரியோ போன்ற பாக்டீரியாவுக்கு எதிராகப் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்து தினமும் கொடுப்பது தப்பு. ராத்திரி முழுக்கத் திருடன் திருடன் என்று கத்தினால் நிஜத் திருடன் வரும்போது தெரு எழுந்திருக்காது. நாள் கணக்காகத் தொடர்ந்து கொடுத்தால் பலன் குறைந்துபோவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன, விட்டு விட்டுக் கொடுப்பதே மேல். அதுவும் வைரஸுக்கு எதிராக இதை நம்பிக் குட்டை வைக்க முடியாது. வெள்ளைப்புள்ளி வைரஸ் சாதாரண ஆளும் இல்லை. கருமையாக்கும் தொடரையே அமுக்கிவைக்கும் புரதம் அதனிடம் இருக்கிறது, ஹீமோசைட்டை உற்பத்தி செய்யும் திசுவுக்குள்ளேயே புகுந்துவிடும். காவலரை விட்டுவிட்டுக் காவல் நிலையத்தையே கொளுத்துகிற கதை.

இன்னொரு சின்ன விஷயம், வனாமியில் வெள்ளைப் புள்ளி தெரியாமலே வெள்ளைப்புள்ளி நோய் வரும். டைகர் இறாலில் தெரிகிற அளவு தெரியாது. சிவந்த உடம்பு, காலியான குடல், கரையோரம் சுற்றுவது, இவற்றைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும்.

தடுப்பூசிக் கேள்வி. முயற்சி நடக்காமல் இல்லை. 2000-வாக்கில் ஜப்பானில் ஒரு குழு, வைரஸ் தாக்கிப் பிழைத்த குருமா இறால்கள் சில வாரம் கழித்து அதே வைரஸைத் தாங்கியதைப் பார்த்தது. 2004-இல் நெதர்லாந்து ஆட்கள் வைரஸின் மேலுறையில் இருக்கும் வி.பி.28 என்ற புரதத்தைப் பாக்டீரியாவில் தயாரித்துத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். முதல் வாரத்தில் நல்ல பாதுகாப்பு, மூன்றாவது வாரத்தில் பெரிதாக இறங்கிவிட்டது. அப்புறம் இரட்டை இழை ஆர்.என்.ஏ. வைத்து வைரஸின் ஜீனையே அடக்கும் வழி, இது உண்மையிலேயே அருமையாக வேலை செய்கிறது, ஆனால் ஊசியில் போட்டால்தான். உங்கள் குட்டையில் 1.6 லட்சம் இறால், யார் பிடித்து யார் குத்துவது? தீவனம் வழியாக, கெடாமல், கட்டுபடியாகும் விலையில் கொடுப்பதில்தான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம், என் ஆராய்ச்சி வழிகாட்டி உட்பட.

மச்சான் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, அதுதான் சிக்கல். தாய்லாந்தில் டிம் ஃபிளெகல் என்ற விஞ்ஞானி வெகு நாளாகச் சொல்லிவந்தது இது: இறால் வைரஸை விரட்டுவதில்லை, அதனோடு குடித்தனம் பண்ணப் பழகிக்கொள்கிறது, வைரஸின் துண்டு துணுக்கைத் தன் மரபணுவுக்குள்ளேயே செருகிவைத்துக்கொள்கிறது, அது பிள்ளைக்கும் போகலாம். அந்த மாதிரித் துணுக்குகளை இறால் மரபணுவில் கண்டும் இருக்கிறார்கள். ஈக்வடாரில் 1999-இல் வெள்ளைப்புள்ளி வந்து தொழிலே படுத்த பிறகு பிழைத்த இறால்களிலிருந்து தாய்களைத் தேர்ந்தெடுத்துத்தான் மீண்டார்கள். ஆனால் அங்கே குட்டைகள் பெரிது, சதுர மீட்டருக்கு விடும் குஞ்சு நம்மைவிட மிகக் குறைவு, தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்துச் செய்த இனப்பெருக்கம். டாரா சிண்ட்ரோம் என்ற இன்னொரு வைரஸுக்கு எதிரான வனாமி ரகம் நன்றாகவே வந்தது, வெள்ளைப்புள்ளிக்கு அவ்வளவு சுலபமாகப் பிடி கொடுக்கவில்லை. வாகாட்டில் ஒரு குட்டையில் நூறு இறாலைப் பொறுக்கிச் செய்கிற வேலை இல்லை இது. பிழைத்த இறால் என்றால் பெரும்பாலும் வைரஸைச் சுமந்துகொண்டு பிழைத்த இறால், அதன் முட்டை வழியாக அடுத்த பயிருக்கு நீங்களே பரிமாறுவீர்கள். அனுமதி இல்லாமல் வனாமி தாய் வளர்ப்பது சட்டப்படியும் தப்பு.

பழைய_டைகர்

ஆரம்பாக்கம். வயது அறுபத்தெட்டு. பேரன்தான் இதில் எழுதக் கற்றுக்கொடுத்தான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, 1994-இல் நெல்லூர் ஜில்லாவில் நான் டைகர் விட்டிருந்தேன். அதற்கு முந்தின இரண்டு வருஷம் எங்கள் பக்கம் காசு எப்படிக் கொட்டியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெல் வயலை வெட்டிக் குட்டை ஆக்கினவர்கள் எத்தனை பேர், ஐஸ் லாரி ராத்திரி பகலாக ஓடும். அப்போது தாய் இறால் கடலில் பிடித்து வரும், எந்தச் சோதனையும் கிடையாது, முட்டை வைத்தால் போதும். அந்த வருஷம் ஒரு குட்டையில் ஆரம்பித்தது, எட்டு நாளில் கால்வாய் இரண்டு பக்கமும் நாற்றம். ரொய்யா போயிந்தி, ரொய்யா போயிந்தி (இறால் போச்சு) என்று தெருவெல்லாம் இதே பேச்சு. வைரஸ் என்றே எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்துச் செத்த குட்டையைத் திறந்து கால்வாயில் விட்டோம், அதே கால்வாயில் புதுத் தண்ணீர் எடுத்தோம். நான் விட்டது பக்கத்துக்காரருக்கு, அவர் விட்டது எனக்கு. 1996 டிசம்பரில் கடலோர இறால் குட்டைகளுக்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தபோது பத்திரிகையில் எங்களைப் பற்றி எழுதினது எல்லாமே பொய் இல்லை.

மேலே படித்த பிள்ளை சொன்ன சங்கதி பாதி எனக்குப் புரியவில்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. நான் கேட்கிறது ஒன்றுதான். முதல் குட்டைத் தண்ணீரை எங்கே விட்டீர்கள்?

வாகாடு_குட்டைக்காரன்

ஐயா கேட்டதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. நோட்டை எடுத்துப் பார்த்தேன், பார்த்ததும் எழுத மனசு வரவில்லை.

45-ஆம் நாள் புயல் சின்னத்தால் மூன்று நாள் விடாத மழை. 48-இல் முதல் குட்டை. 49-ஆம் நாள் ராத்திரி மதகைத் திறந்து தண்ணீரைக் கால்வாயில் விட்டுவிட்டேன். அப்போது எனக்கு இருந்த பயத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை, நாற்றம் போனால் போதும் என்றிருந்தது. 51-ஆம் நாள் கடல் ஏற்றத்தில், மற்ற இரண்டு குட்டைக்கும் நல்ல தண்ணீர் மாற்றினால் தப்பிக்கும் என்று நினைத்து இரண்டாவதற்கு ஆறு அங்குலம் வைத்தேன். ரிசர்வாயர் என்று ஒரு பள்ளம் இருக்கிறது, ஆனால் குத்தகைக்கு விட்டவர் அதிலும் குஞ்சு விடலாம் என்று சொல்லியிருந்ததால் அதில் தண்ணீர் தேக்கவில்லை, நேராகக் கால்வாயிலிருந்துதான்.

மூன்றாவதற்கும் வைத்திருப்பேன். அதன் மோட்டார் 47-ஆம் நாளே சுருள்கம்பி (காயில்) எரிந்துவிட்டது. நாயுடுபேட்டையில் கொடுத்தேன், இன்று நாளை என்று பத்து நாள் இழுத்தடித்தார் மெக்கானிக். ஃபோனில் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

மூன்றாவது குட்டை சாம்பிள் கொடுத்துவிட்டேன். ரிசல்ட் நாளைக்கு.

உப்புக்காத்து

அந்த மெக்கானிக்குக்கு ஒரு சால்வை போடுங்கள்.

பிசிஆர்_ராத்திரி_ஷிஃப்ட்

நினைத்தேன். 49-இல் விட்டது, 51-இல் எடுத்தது, 56-இல் சாவு. வெள்ளைப்புள்ளி உள்ளே போனால் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் ஆளை முடித்துவிடும், கணக்கு அப்படியே உட்காருகிறது. குட்டைத் தண்ணீரில் இந்த வைரஸ் குறைந்தது மூன்று நான்கு நாள் தாங்கும், ஆய்வகத்தில் 30 டிகிரி கடல் நீரில் ஒரு மாதம் வரைக்கும் தாங்கியிருக்கிறது. ரிசர்வாயரில் தேக்கி, ப்ளீச்சிங் போட்டு, நாள் கணக்கில் வைத்து விடச் சொல்வது அதனால்தான். வைரஸ் மட்டும் இல்லை, அதைச் சுமக்கும் நண்டு, சின்ன இறால், அவற்றின் குஞ்சு எல்லாம் அதே தண்ணீரில் வரும். நண்டு வேலி இருக்கிறதா? காக்காய்க்கு மேலே நூல் கட்டியிருக்கிறீர்களா? செத்த இறாலை ஒரு குட்டையில் கொத்தி அடுத்த குட்டையில் போடுவது காக்காய்க்கு வாடிக்கை.

முதல் குட்டைக்கு எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. உங்களுக்கு மேலே கால்வாயில் யாராவது நோய் கண்டு அவசரமாக இறாலைப் பிடித்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ஹீமோசைட்

மழையை நான் விட்டுவிட்டேன், அதுவும் முக்கியம். தண்ணீர் 32, 33 டிகிரியில் இருக்கும்போது இந்த வைரஸ் உள்ளே இருந்தாலும் பெருகத் திணறுகிறது, பல சோதனைகளில் அந்தச் சூட்டில் வைத்த இறால் சாகவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ராத்திரி 26, 27-க்கு இறங்கும்போது அதற்குக் கொண்டாட்டம். மேல் தண்ணீர் நன்னீர் ஆகி உப்பு குறைவது, பாசி செத்து விடியற்காலையில் ஆக்சிஜன் விழுவது எல்லாம் ஒன்றாகச் சேரும்போது ஹீமோசைட் எண்ணிக்கையே இறங்கிவிடும். அந்த மூன்று நாளும் தீவனத்தைக் குறைத்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டரை நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அந்த நாற்பதாயிரத்தைவிட அதிகமாக உதவியிருக்கும். டீசல் காசு வலிக்கும், தெரியும்.

கோட்டா_பாப்பா_ரெட்டி_தெரு

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்களுக்குச் சாவு இல்லை, ஆனால் 80 நாள் ஆகியும் ஒன்று விரல் அளவு ஒன்று பென்சில் அளவு, வெள்ளைக் கழிச்சல் நூல் நூலாக மிதக்கிறது. கடையில் லேபிள் இல்லாத ஒரு பவுடர் கொடுத்து இதைப் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

பிசிஆர்_ராத்திரி_ஷிஃப்ட்

போடாதீர்கள். லேபிள் இல்லாத பவுடரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் மாதிரித் தடைசெய்த ஆன்டிபயாடிக் சமாசாரம் ஏதாவது இருந்துவிட்டால் ஏற்றுமதிச் சோதனையில் பிடிபட்டு வாங்கினவர் தலையில் விழும், அடுத்த முறை உங்கள் குட்டைப் பக்கம் வர மாட்டார். நீங்கள் சொல்வது ஈ.எச்.பி. மாதிரி இருக்கிறது, 2009-இல் தாய்லாந்து இறாலில் விவரித்த நுண்ணிய ஒட்டுண்ணி, கல்லீரல்-கணையத்தில் உட்கார்ந்துகொண்டு இறால் தின்பதை இது தின்னும். வெள்ளைக் கழிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு, அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஈ.எச்.பி. என்றால் இந்தப் பயிரில் பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை, அதன் வித்துக்கள் கெட்டித் தோல், சாதாரண ப்ளீச்சிங்கை நம்பி விட்டுவிட முடியாது. பயிர் முடிந்ததும் அடிமண் நன்றாகக் காய்ந்த பிறகு, ஹெக்டேருக்கு 6 டன் கணக்கில் சுட்ட சுண்ணாம்பு போட்டு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழம் உழுது, ஈரப்படுத்தி விட வேண்டும், மண்ணின் பி.எச். 12-ஐத் தொட வேண்டும். விவசாயச் சுண்ணாம்பு போட்டால் அந்த அளவுக்கு ஏறாது. தனியாக ஒரு பதிவு போடுங்கள், விரிவாகப் பேசுவோம்.

வாகாடு_குட்டைக்காரன்

ரிசல்ட் வந்துவிட்டது. மூன்றாவது குட்டையில் மூன்று பகுதியாகச் சோதித்ததில் ஒன்றில் பி.சி.ஆரின் இரண்டாம் கட்டத்தில் பாசிட்டிவ். மற்ற இரண்டும் நெகட்டிவ். நான் சுத்தமான குட்டை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹீமோசைட்

இரண்டாம் கட்டத்தில் மட்டும் வந்தால் வைரஸ் இருக்கிறது, ஆனால் குறைவாக இருக்கிறது. குஞ்சோடு வந்திருக்கலாம், காக்காய் போட்டிருக்கலாம், ஒரே வலையை மூன்று குட்டையிலும் இழுத்திருந்தால் அதிலும் வந்திருக்கலாம், இப்போது எது என்று பிரிக்க வழியில்லை. தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதிலேயே கிடைத்துவிட்டது. மூன்றாவது குட்டை வைரஸைப் பார்க்காததால் பிழைக்கவில்லை, பூஸ்டர் கொடுத்ததாலும் இல்லை, அதே பூஸ்டர்தான் மற்றவையும் தின்றன. கொஞ்சம் வைரஸ் வந்தது, அதன் மேல் இன்னொரு பெரிய சுமை வந்து விழவில்லை, இருக்கிற ஹீமோசைட்டை வைத்து இறால் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மழை வரைக்கும்.

பழைய_டைகர்

இன்னொரு தாழ்வழுத்தம் வருது என்று ரேடியோவில் சொல்கிறான் தம்பி. 95 கவுண்டுக்கு என்ன விலை கிடைக்குமோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். 60 கவுண்டு வரட்டும் என்று காத்திருந்து நான் வீடு விற்றேன்.

பிடிக்கும்போது மதகைத் திறந்து வடிகட்டிப் பிடிக்க வேண்டாம். தண்ணீர் உள்ளேயே இருக்க, இழுவலை போட்டு, மிச்சத்தை வீச்சுவலையில் எடுங்கள். கூலி ஜாஸ்திதான். பிடித்து முடித்த பிறகு ப்ளீச்சிங் போட்டு ஒரு வாரமாவது அடைத்து வையுங்கள். உங்களுக்குக் கீழே எத்தனை பேர் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள், உங்களுக்கு மேலே ஒருத்தர் நினைக்காததால்தான் உங்கள் முதல் குட்டை போயிருக்கும்.

பிசிஆர்_ராத்திரி_ஷிஃப்ட்

அளவு: லிட்டருக்கு 60 மில்லிகிராம் ப்ளீச்சிங் பவுடர் என்று வையுங்கள். ஒரு ஏக்கர், நாலடித் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 300 கிலோ வரும். பழைய மூட்டை, ஈரம் குடித்த மூட்டை வாங்காதீர்கள், குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். வலை, செக் ட்ரே, கால் செருப்பு வரைக்கும் அதே தண்ணீரில் முக்கி எடுங்கள். செத்ததைப் புதைத்து மேலே சுண்ணாம்பு.

வாகாடு_குட்டைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனார், விலை கேட்டதும் மச்சான் முகம் சுருங்கியது, நான் சரி என்று சொல்லிவிட்டேன். நாளை விடியற்காலை நான்கு மணிக்கு வலைக்காரர்கள் வருகிறார்கள். ப்ளீச்சிங் 25 கிலோ மூட்டை பன்னிரண்டு ஷெட்டில் இறங்கிவிட்டது, புதுச் சரக்குதான், தேதி பார்த்து வாங்கினேன். கீழே தண்ணீர் எடுக்கும் நான்கு பேருக்கும் ஃபோன் பண்ணி ஒரு வாரம் கால்வாயில் மோட்டார் போட வேண்டாம் என்று சொன்னேன். ஒருத்தர் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, அவர் குட்டைக்கு நாளைக்கு நேரில் போகிறேன்.

ராத்திரி பதற்றத்தில் மறுபடி கை போய்விடக்கூடாது என்று மதகுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி வீட்டில் மனைவியிடம்.